காணாமல் போகும் தேனீயும் தேய்ந்துபோகும் தேனீயும்

தேனீக்கள் குறைந்துவருகின்றன என்னும் செய்தி பொதுமக்களை வந்தடைந்த வழிகளில் தொலைக்காட்சியும் ஒன்று; அதிலும் அறிவியல் புனைகதைத் தொடர்கள் இச்செய்தியைக் கதையாக்கிப் பரப்பின. அத்தொடர்கள் தேனீயின் அழிவை ஒரே இரவில் நிகழும் மறைவாகவும், விடை தேடப்பட வேண்டிய மர்மமாகவும், திரைக்குப் பின்னால் யாரோ ஒருவர் செய்யும் சூழ்ச்சியாகவும் காட்டப் பழகிவிட்டன. தமிழ்நாட்டில் தேனீக்களுக்கு நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தால் மர்மம் என்று சொல்லத்தக்கது அதில் மிகக் குறைவு. காரணங்களில் பெரும்பாலானவை பெயரறிந்தவை, செய்தவர்கள் ஏராளமானோர், அவர்களில் ஒருவரையும் வில்லன் என்று சுட்ட இயலாது. இந்த வேறுபாட்டை எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

இதைப் பேசுவதற்கு வேலம்பாளையம் பொருந்தாத இடம் என்று தோன்றலாம். 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இப்பகுதியில் பனியன் கம்பெனிகளும் நிட்டிங் கூடங்களும் அவற்றைச் சார்ந்த வரிசை வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. பூ என்று பார்த்தால் வீட்டு வாசலில் செம்பருத்தியும் சந்தில் ஒரு முருங்கையும் இருக்கும். ஆயினும் இவ்வூரின் பிழைப்பு முழுவதும் ஒரு பூவிலிருந்து தொடங்குகிறது. பருத்திப் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்புடையது, காற்றில் பறக்காதது. அப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்குமாயினும், தேனீக்கள் வந்துபோகும் வயலில் காயும் விதையும் கூடுதலாகத் தேறுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பருத்தியின் பூவில் மட்டுமன்றி, இலையின் அடிப்பக்க நரம்பிலும் தேன் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. ஆகவே நூலும் துணியும் பேசப்படும் இடத்தில் தேனீயைப் பேசுவது விலகல் ஆகாது.

முதலில் தொலைக்காட்சியைக் காணலாம். 2006ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கத் தேனீ வளர்ப்போர் வினோதமான ஓர் இழப்பைக் கண்டனர்: பெட்டியில் ராணித் தேனீ இருக்கிறது, புழுக்கள் இருக்கின்றன, தேனும் இருக்கிறது, ஆனால் வேலைக்காரத் தேனீக்கள் இல்லை, அவற்றின் உடல்கள்கூடப் பெட்டியருகே கிடைக்கவில்லை. குடிச்சிதைவு என்று தமிழில் சொல்லத்தக்க இந்நிலை, பிணமில்லாத கொலையைப் போன்றிருந்ததால், கதையாசிரியர்களுக்கு வாய்த்த பரிசாக அமைந்தது. பிரிட்டனின் பி.பி.சி. ஒளிபரப்பும் 'டாக்டர் ஹூ' தொடரில் 2008ஆம் ஆண்டின் பகுதிகளில் தேனீக்கள் காணாமல் போவது பற்றிய பேச்சு அங்கங்கே தூவப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதம் வந்த பகுதியில் அதற்கு விடை சொல்லப்பட்டது: தேனீக்களில் ஒரு பகுதி வேற்றுக்கோளிலிருந்து குடிபெயர்ந்து வந்தவை; பூமிக்கு ஆபத்து வருவதை முன்கூட்டியே உணர்ந்து அவை தாயகம் திரும்பிவிட்டன. வேடிக்கையான விடைதான், எனினும் அதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. தேனீ போனதற்கு மனிதர் பொறுப்பல்லர் என்பதோடு, போகும் வழியில் அது விட்டுச்சென்ற தடம் மனிதரைக் காப்பாற்றவும் உதவுகிறது. அதே ஆண்டில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மாஹேயில் பிறந்த மனோஜ் ஷியாமளன் இயக்கிய 'தி ஹேப்பனிங்' திரைப்படத்திலும், தேனீக்கள் ஏன் மறைகின்றன என்று ஆசிரியர் வகுப்பில் கேட்கும் காட்சியே கதைக்கு வாசலாக அமைந்தது.

இதற்குப் பத்தாண்டு முன்பே 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடர் தேனீயைப் பிடித்துக்கொண்டது. அங்கே அது அழிந்துபோகும் உயிராக வராமல், மறைமுக ஆட்சிக்குழு ஒன்று நோய்க்கிருமியைப் பரப்புவதற்கு வளர்க்கும் ஆயுதமாக வந்தது. 1998இல் வந்த அத்தொடரின் திரைப்படத்தில், பாலைநிலத்தின் நடுவே மக்காச்சோள வயலும் அதையடுத்து வெண்ணிறக் கூடாரங்களில் தேனீக்களும் காட்டப்படுகின்றன. கொங்கு நாட்டு உழவர் எவரும் இக்காட்சியில் ஒரு குறையைக் காண்பர். மக்காச்சோளம் காற்றால் மகரந்தம் சேரும் பயிர், தேனீ அதன் ஆண் பூவில் மகரந்தம் திரட்டுமே தவிர, அப்பயிர் காய்ப்பதற்குத் தேனீ தேவையில்லை. பயிருக்குப் பயிர் தேனீயின் தேவை மாறுகிறது என்னும் அடிப்படையைப் பொதுப் பேச்சு தவறவிடுவதற்கு இக்காட்சி ஓர் எடுத்துக்காட்டு. தேனீ மறைந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனம் மறையும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக உலவும் வாசகமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அவர் இறந்தது 1955இல். அவ்வாசகம் அவர் பெயரோடு பரவலாகத் தென்படுவது 1994இல் பிரெஞ்சுத் தேனீ வளர்ப்போர் பிரசெல்ஸ் நகரில் நடத்திய போராட்டத்தின் துண்டறிக்கைகளுக்குப் பிறகுதான். நெல், கோதுமை, சோளம், கம்பு ஆகியவை தேனீயைச் சார்ந்தவையல்ல. 2007இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு ஒன்றின்படி, முதன்மையான உணவுப் பயிர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓரளவேனும் விலங்குகள் வழி மகரந்தச் சேர்க்கையால் பயன்பெறுகின்றன. ஆயினும் விளைச்சலின் எடையில் அவற்றின் பங்கு 35 விழுக்காடே. தேனீ இல்லாவிட்டால் சோற்றுக்குப் பஞ்சம் வராது. பூசணி, பீர்க்கு, பாகல், வெள்ளரி ஆகியவற்றுக்கும் பழங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் பஞ்சம் வரும். அச்சுறுத்தலாக அது போதாதா என்ன?

இனி, தமிழ்நாட்டின் கதை. தென்னிந்தியாவில் தேனை வேட்டையாடும் வழக்கம் தொன்மையானது. பெட்டியில் வைத்து வளர்க்கும் முறை நூறாண்டைச் சற்றே கடந்தது. 1910களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன், இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்பச் சிறிய மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். அது இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920களில், அப்போது திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் இத்தொழிலைச் சிறு விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில், பூவே இல்லாமல் இளந்தளிர்களின் காம்பிலிருந்து தேன் சுரக்கும் இயல்புடையதால், ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று.

1991–92இல் இத்தொழில் சரிந்தது. தாய் சாக்புரூட் எனப்படும் வைரஸ் நோய், 1976இல் தாய்லாந்தில் முதன்முதலாக அறியப்பட்டது. 1978இல் மேகாலயாவில் தென்பட்டு, பின்னர் கேரளத்தையும் குமரி மாவட்டத்தையும் வந்தடைந்தது. இந்நோய் வளர்ந்த தேனீயைத் தொடுவதாகத் தெரியாது. கூட்டுப்புழுவாக மாறவிருக்கும் நிலையிலுள்ள புழுவைத் தாக்குகிறது. நோயுற்ற புழு, அறைக்குள் தலை நிமிர்ந்தபடி படகின் முனை போல் விறைத்துக் கிடக்கும். இடுக்கியால் பிடித்துத் தூக்கினால் உள்ளுடல் கரைந்து நீராகித் தோல் ஒரு பையாகத் தொங்கும். அடுத்த தலைமுறை எழும்பாததால் குடி மெலிந்து, எஞ்சிய தேனீக்கள் பெட்டியை விட்டு ஓடிவிடும். தென்னிந்தியாவில் பெட்டியில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் குடிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்நோயால் அழிந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. அமெரிக்கக் குடிச்சிதைவுக்குப் பதினைந்து ஆண்டு முன்னதாக நேர்ந்த இப்பேரழிவு உலகத் தொலைக்காட்சியில் ஒரு காட்சியாகவும் வந்ததாகத் தெரியவில்லை. தமிழ்த் தொலைக்காட்சியிலும் வந்ததாகச் சொல்வதற்கில்லை. வெறும் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு வேறு வேலை தேடிப்போன குடும்பங்களுக்கு இது செய்தியாக வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்நோய்க்கு மருந்து அகப்படவில்லை. மீட்சி வேறு வழியில் வந்தது. நோயைத் தாங்கி நின்ற ஒருசில குடிகளை அடையாளம் கண்டு, அவற்றைப் பிரித்துப் பெருக்கியதால் இந்தியத் தேனீ மெல்ல மீண்டது. இடைப்பட்ட காலத்தில், 1960களில் இமாசலப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் நிலைபெற்றிருந்த ஐரோப்பியத் தேனீ தெற்கே கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டார் இதை இத்தாலியத் தேனீ என்பர். இன்று சூரியகாந்தி, தென்னை, முருங்கை என்று பூக்கும் பருவம் பார்த்து லாரியில் பெட்டி ஏற்றிச்செல்வோர் பெரும்பாலும் வளர்ப்பது இவ்வினத்தையே. உலகளவில் வளர்ப்புத் தேனீப் பெட்டிகளின் எண்ணிக்கை 1961 முதல் கூடியே வந்திருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டித் தேனீக்கு உடைமையாளர் உண்டு, அது இறந்தால் இன்னொன்று வாங்கப்படும். உடைமையாளர் இல்லாத தேனீக்களைப் பற்றியே கவலை கொள்ள இடமிருக்கிறது. உலகில் அறியப்பட்ட இருபதாயிரம் தேனீ இனங்களில் தேன் சேர்ப்பவை ஒரு கைப்பிடி. எஞ்சியவை மண்ணிலும் மட்டையிலும் தனித்தனியே கூடுகட்டி வாழ்பவை.

நகரத்தில் இவ்வுடைமையாளர் அற்ற தேனீக்கு என்ன நேர்கிறது என்பதற்கு, மதுரை தியாகராசர் கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையைப் போல் தெளிவான சான்று வேறில்லை. அவர்கள் ஆராய்ந்தது காட்டையோ வயலையோ அன்று. தேநீர், காப்பிக் கடைகளின் குப்பைத் தொட்டியை. குடித்துவிட்டு எறியப்படும் காகிதக் குவளையின் அடியில் தங்கும் சர்க்கரைக் கலவை தேனீக்களை ஈர்க்கிறது. பூவைத் தேடிச் செல்வதைவிடக் குவளைக்குள் இறங்குவது எளிதாக இருப்பதால் அவை மீண்டும் மீண்டும் அங்கேயே வருகின்றன. வழுவழுப்பான உட்சுவரில் ஏற முடியாமலும், சிறகில் சர்க்கரைப்பாகு ஒட்டியும், மேலே மேலே விழும் குவளைகளுக்கு அடியில் சிக்கியும் மடிகின்றன. ஐந்து கடைகளில் முப்பது நாட்களில் 25,211 தேனீக்கள் இறந்து கிடந்ததாக அவ்வாய்வு கணக்கிட்டது. அதாவது ஒரு கடைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 168. திருப்பூரில் தேநீர்க்கடைக்குப் பேக்கரி என்று பெயர். காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் கட்டிங் மாஸ்டரும் டெய்லரும் செக்கிங் பெண்களும் இறங்கிவந்து நிற்கும் பேக்கரி வாசலில், தொட்டி நிரம்பித் தரையிலும் கிடக்கும் குவளைகளைக் குனிந்து பார்ப்பவர், இக்கணக்கு எப்படி வந்தது என்பதை எளிதில் அறிவர். கண்ணாடி டம்ளரைக் கழுவி வைக்கும் கடையில் இச்சாவு நிகழாது. குவளை மாறியது தேனீயைக் கொல்வதற்காக அன்று, டம்ளர் கழுவ ஆள் கிடைக்காததாலும் பிறர் குடித்ததில் குடிக்கக் கூசியதாலும்தான்.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு இதனினும் கடுமையானது. உயரமான கட்டடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் ஒற்றைப் பெரிய ராட்டுக் கட்டும் மலைத்தேனீயை அவர்கள் நகரின் வெவ்வேறு பகுதிகளில் பிடித்து ஒப்பிட்டனர்; தூசும் புகையும் மிகுந்த பகுதிகளில் பிடிக்கப்பட்டவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நாளில் இறந்தன, அவற்றின் இதயத் துடிப்பும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் மாறியிருந்தன. வேலம்பாளையத்தில் அதே மலைத்தேனீ தொழிற்கூடங்களின் மாடி விளிம்பில் ராட்டுக் கட்டும்போது, அது புகை போட்டோ தீ வைத்தோ அகற்றப்படுகிறது. நூற்றுக்கணக்கானோர் ஷிப்ட் மாறும் வாசலில் கொட்டும் பூச்சியின் கூட்டை விட்டுவைக்க மாட்டோம் என்பதில் நியாயமும் இல்லாமலில்லை.

வயலில் நடப்பது பூச்சிமருந்தின் கதை. நியோனிக்கோட்டினாய்டு என்பது, புகையிலையில் உள்ள நிக்கோட்டினைப் போல் பூச்சியின் நரம்பில் செயல்படும் மருந்து வகை. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் ஆகிய பெயர்களில் உரக்கடைகளில் கிடைப்பது. பருத்தி விதையின் மேல் இது பூசப்பட்டே விற்கப்படுவதால், செடி வளரும்போது மருந்தும் அதன் சாற்றோடு ஏறிப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் நுண்ணிய அளவில் சேர்கிறது. அந்த அளவு தேனீயைக் கொல்வதில்லை. வழியை மறக்கச் செய்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012இல், தேனீக்களின் முதுகில் ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லுகளை ஒட்டி, தயாமீத்தாக்சம் கலந்த சர்க்கரைநீரை ஊட்டியவை கூடு திரும்பாமல் போவது மிகுவதைக் காட்டினர். ஏற்றுமதி ஆடைகளில் தைத்தனுப்பப்படும் அதே வகைச் சில்லுதான் அது என்பது திருப்பூருக்கு மட்டும் சுவையான செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் மூன்று நியோனிக்கோட்டினாய்டுகளைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடைசெய்தது. தேனீயின் அழிவுக்கு, மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தியைக் குறைகூறுவோர் உண்டு, பி.டி. புரதம் காய்ப்புழுவையும் அதன் இனத்தையும் தாக்குவது, தேனீயைத் தாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. விதைக்குள் இருப்பதைவிட விதைமேல் பூசியிருப்பதே தேனீக்குப் பகை.

இங்கே மீண்டும் தொலைக்காட்சிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏனெனில், தேனீ போனபின் என்ன என்னும் கேள்விக்கு அது ஒரு விடை வைத்திருக்கிறது. 2016 அக்டோபரில் 'பிளாக் மிரர்' தொடரில் வந்த 'ஹேட்டட் இன் தி நேஷன்' என்னும் பகுதியில், தேனீக்கள் அருகிவிட்ட பிரிட்டனில் ஒரு நிறுவனம் இலட்சக்கணக்கான இயந்திரத் தேனீக்களைப் பறக்கவிடுகிறது. அவை பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதோடு, அரசின் இரகசிய விருப்பப்படி முகங்களை அடையாளம் காணும் ஒற்றர்களாகவும் உள்ளன. அவற்றைக் கைப்பற்றும் ஒருவன், சமூக ஊடகத்தில் பிறர் சாவை விரும்பிப் பதிவிட்டோரையே கொல்ல அவற்றை ஏவுகிறான். அத்தொடரிலேயே கூர்மையான கற்பனைகளுள் ஒன்று இது. அடிப்படையும் வெறுங்கற்பனையன்று: ஹார்வர்டு பல்கலைக்கழகம் ரோபோபீ என்னும் மிகச்சிறு பறக்கும் கருவியை 2013இல் கட்டுப்பாட்டோடு பறக்கவைத்தது, ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் 2017இல், பசையும் குதிரைமுடியும் ஒட்டிய ட்ரோனால் லில்லிப்பூவுக்கு மகரந்தம் சேர்த்துக் காட்டினார். தமிழருக்கு இயந்திர விலங்கு புதிதன்று. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தபோதே ஜீனோ என்னும் இயந்திர நாய் வீட்டுக்கூடங்களில் உலவிவிட்டது.

ஆயினும் இக்கற்பனை ஒன்றை மறந்துவிடுகிறது. ஒரு வேலையை இயந்திரம் செய்யுமா கை செய்யுமா என்பதைத் தீர்மானிப்பது கூலி. பவர்டேபிள் என்னும் தையல் மேசை முன் அமர்ந்தவர் எவரும் இதை அறிவர். பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலைக்கு இந்தியாவில் கை ஏற்கெனவே வந்தாயிற்று. உலகின் முதல் வணிக வீரியப் பருத்தியான எச்-4 என்னும் இரகம், சி.டி. பட்டேல் என்பவரால் குஜராத்தின் சூரத்தில் உருவாக்கப்பட்டு 1970இல் வெளியிடப்பட்டது. இரு வேறு இரகங்களைக் கலந்து பெறும் இவ்வித விதையை ஒவ்வொரு பருவமும் புதிதாக உண்டாக்க வேண்டும். அதற்கு மாலையில், மறுநாள் மலரவிருக்கும் மொட்டின் அடியில் கட்டைவிரல் நகத்தைச் செலுத்தி, இதழோடு சேர்த்து மகரந்தப் பைகளை உரித்தெடுத்து, சூலகம் மட்டும் நிற்கும்படி செய்து, நிறத்தாள் உறை மாட்டிவிட வேண்டும். மறுநாள் காலை உறையைக் கழற்றி, ஆண் இரகத்தின் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைச் சூல்முடியில் தேய்த்து, அடையாளத்துக்கு நூல் கட்ட வேண்டும். நகம் சற்று ஆழ்ந்தால் சூலகம் கெடும், ஆழாவிட்டால் மகரந்தப் பை தங்கும். தேனீ இருந்தாலும் இவ்வேலை கையால்தான் ஆக வேண்டும் என்பதால், இது தேனீ குறைந்ததன் விளைவு ஆகாது. ஆனால் தேனீயின் வேலையை மனிதர் செய்தால் அதற்கு எவ்வளவு விரல் தேவை, அவ்விரல் யாருடையதாக இருக்கும் என்பதை இது முன்னரே காட்டிவிட்டது. ஆந்திரம், குஜராத், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் விதைப்பருத்தி வயல்களில் அவ்விரல்கள் நெடுங்காலம் பள்ளி செல்ல வேண்டிய சிறுமியருடையவையாக இருந்தன. செடியின் உயரமும் விரலின் மென்மையும் காரணமாகச் சொல்லப்பட்டன, குறைந்த கூலி காரணமாக இருந்தது. 'பிளாக் மிரர்' எழுத்தாளருக்கு வானில் இயந்திரக் கூட்டம் தோன்றியதுபோல், இந்நாட்டில் இக்கதையை எழுதுபவருக்கு வரிசைச் செடிகளுக்கிடையே குனிந்து நிற்கும் கூட்டமே தோன்றியிருக்க வேண்டும்.

தமிழில் அப்படியொரு தொடர் எடுக்கப்படுமானால், அதன் நாயகப் பூச்சியாகத் தேன் தராத ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பொருந்தும். திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம் பகுதிகள் முருங்கைக்குப் பெயர்பெற்றவை. முருங்கைப் பூவின் அமைப்புக்கு ஏற்றபடி அதைத் திறம்படத் தொட்டு மகரந்தம் மாற்றுவது தச்சுத் தேனீ என்பதை ஆந்திரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் பதிவுசெய்தனர். கருநீலச் சிறகும் தடித்த உடலும் உடைய, வண்டு என்று பலரும் எண்ணுகிற அப்பூச்சி, காய்ந்த மரத்தில் விரலளவு துளையிட்டு அதனுள் முட்டையிடும். ராணியோ குடியோ பெட்டியோ அதற்கில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலமாகிய கொரங்காட்டில், சுற்றிலும் கிளுவை வேலியும் உள்ளே வெள்வேல மரங்களும் நிற்பதால், இப்பூச்சிக்குத் துளையிடுவதற்குப் பட்டுப்போன கொம்பும், முருங்கை பூக்காத மாதங்களில் உண்ண வேறு பூவும் கிடைத்துவந்தன. கொரங்காடு மனையாகவும் கம்பி வேலி போட்ட நிலமாகவும் மாறும் இடங்களில் பட்ட கொம்பு முதலில் போகிறது. அடுத்த முருங்கைத் தோட்டத்தில் காய் குறைந்தால், பூ உதிர்வுக்கு மருந்து கேட்டு விவசாயி உரக்கடைக்குப் போகிறார். கடையில் தரப்படும் மருந்தைக் காலையில் பூக்கள் விரிந்திருக்கும் வேளையில் அடிக்காமல், வெயில் தாழ்ந்தபின் அடிக்கும்படி வேளாண்மைத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். மாலையில் மருந்தடிக்கக் கூலியாள் கிடைப்பதில்லை என்பது விவசாயிகளின் மறுமொழி, ஏனெனில் அவ்வேளையில் கூலியாட்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனி வண்டிகளில் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.